அடிபட்ட ஆயில் சம்ப்: வீட்டிலேயே மாற்றலாமா?

கேள்வி: குடும்பம், மூட்டை முடிச்சு எல்லாம் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போகும்போது வேகத்தடையில் காரின் அடிப்பக்கம் பலமாக இடித்துவிட்டது. மறுநாள் காலையில் கார் நின்ற இடத்தில் உள்ளங்கை அளவுக்கு எண்ணெய்க் கறை. குனிந்து பார்த்தால் ஆயில் சம்ப் (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) ஒரு பக்கம் நசுங்கி, அந்த மடிப்பில் ஆயில் கசிகிறது. எம்-சீல் வைத்து அடைத்தால் போதும் என்கிறார் நண்பர். சின்னச் சின்ன வேலைகளை நானே பார்ப்பேன், ஸ்பேனர் செட் இருக்கிறது. சம்ப்பை வீட்டிலேயே மாற்ற முடியுமா?
- வாசகர், தென்காசி

பதில்: முடியும். ஆனால் மாற்றி முடிக்கும்வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள், தெருமுனை கடைவரைக்கும்கூட வேண்டாம். எல்லோரும் கசிவைத்தான் பார்க்கிறார்கள், நான் பயப்படுவது அந்த நசுங்கலைப் பார்த்து. சம்ப்பின் தரைக்கு மேலே, பெரும்பாலும் ஒரு விரல் தடிமன்கூட இல்லாத இடைவெளியில், ஆயில் பம்ப்பின் உறிஞ்சு குழாயும் அதன் வாயில் வலை போட்ட ஸ்ட்ரெய்னரும் இருக்கின்றன. தகடு மேலே ஏறி அந்த வாயை அடைத்துவிட்டால், சம்ப் நிறைய ஆயில் இருந்தாலும் பம்ப்புக்கு ஏறாது, பேரிங்குகள் காய்ந்து எஞ்சின் சீஸ் ஆகிவிடும், அதாவது இறுகி நின்றுவிடும். எம்-சீல் ஓட்டையை அடைக்குமே தவிர நசுங்கலை நிமிர்த்தாது. வழியில் மாட்டிக்கொண்டால் அவசரத்துக்கு வைக்கலாம், அதுவே வைத்தியம் ஆகிவிடாது.

ஸ்பேனரை எடுக்கும் முன் காருக்கு அடியில் ஒருமுறை நிதானமாகப் பாருங்கள். சம்ப்பைச் சுற்றியுள்ள எல்லா போல்ட்டுக்கும் சாக்கெட் போகிறதா? சைலன்சர் குழாய் குறுக்கே வந்தால் கழற்றிக்கொள்ளலாம். கிராஸ் மெம்பரை (அடியில் குறுக்கே போகும் சட்டம்) இறக்க வேண்டும், எஞ்சினைத் தூக்க வேண்டும் என்ற நிலை இருந்தால் வீட்டு வேலை அங்கேயே முடிந்தது, பட்டறைக்கு டோ செய்து கொண்டுபோங்கள். அதில் கௌரவக் குறைச்சல் எதுவும் இல்லை.

காரை ஜாக்கியில் மட்டும் நிறுத்திவிட்டு யாரும் அடியில் படுக்கக் கூடாது. ஹாலோ பிளாக், செங்கல் அடுக்கு எதுவும் வேண்டாம், பாரம் ஏறினால் சட்டென்று உடையும். சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரண்டு ஜாக் ஸ்டாண்டில் வண்டியை உட்கார வைத்து, தோளால் ஒரு தள்ளு தள்ளிப் பார்த்து, அசையவில்லை என்றால் மட்டும் உள்ளே போங்கள்.

சம்ப்பில் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைக் கழற்றி ஆயிலைச் சுத்தமான தட்டில் பிடியுங்கள். அதை வெயிலில் வைத்துப் பார்க்க வேண்டும், ஜிகினாத் தூள் மாதிரி மினுமினுப்பு தெரிந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம், சம்ப் மாற்றுவதோடு அந்த வேலை முடியாது. அப்புறம் போல்ட்டுகள். பேஸ்ட் (கசிவை அடைக்கும் சிலிக்கான் பசை) போட்டு ஒட்டிய சம்ப் எல்லா போல்ட்டையும் எடுத்த பிறகும் விழாமல் நிற்கும். ஸ்குரூ டிரைவரைச் சொருகி நெம்பாதீர்கள், எஞ்சின் பிளாக் அலுமினியமாக இருந்தால் அந்த ஒரு கீறலே நிரந்தரக் கசிவு. பெயின்டர் பட்டி பார்க்கும் மெல்லிய தகட்டை மூலையில் நுழைத்து மெல்ல நகர்த்துங்கள், பக்கவாட்டில் ரப்பர் சுத்தியலால் தட்டுங்கள், விட்டுக்கொடுக்கும்.

சம்ப் இறங்கியதும் ஸ்ட்ரெய்னரைப் பாருங்கள், வளைந்திருந்தாலோ விரிசல் விட்டிருந்தாலோ அதையும் மாற்றியே ஆக வேண்டும்.

பழைய பேஸ்ட்டைச் சுரண்டி எடுப்பதில்தான் பாதி நேரம் போகும், போகட்டும். மேலே பிளாக்கிலிருந்து சொட்டுச் சொட்டாக ஆயில் வந்துகொண்டே இருக்கும், துடைக்கத் துடைக்க ஈரமாகும், அதனால் ஓர் இரவு முழுக்கச் சொட்ட விட்டுவிட்டு மறுநாள் தின்னரில் நனைத்த துணியால் துடையுங்கள். புது சம்ப்பின் விளிம்பைக் கண்ணாடி மேல் கவிழ்த்து வைத்து எங்காவது இடைவெளி தெரிகிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி பேஸ்ட். நம் ஊர்க் கடைகளில் அனபாண்ட் போன்ற ஆர்டிவி சிலிக்கான் கிடைக்கும். ஏறக்குறைய 3 மி.மீ. கனத்தில், போல்ட் துளைகளின் உள்பக்கமாக, அறுபடாத ஒரே கோடாகப் போடுங்கள். நிறையப் போட்டால் நல்லது என்று நினைப்பதுதான் பெரிய தப்பு. ஆயில் லைட் வளைவுகளில் மினுக்குகிறது என்று ஒரு கார் என்னிடம் வந்தது, சம்ப்பை இறக்கினால் ஸ்ட்ரெய்னர் வலையில் புழுப் புழுவாகச் சிலிக்கான். வெளியே பிதுங்குகிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கும், உள்ளே பிதுங்கியது பிய்ந்து போய் வலையில் உட்காரும். பேஸ்ட்டுக்குப் பதிலாக இடையில் பேக்கிங் (கேஸ்கெட்) வைத்து வரும் வண்டிகளில் பேக்கிங் மட்டும் போதும், கம்பெனி புத்தகம் சொல்லும் மூலைகளில் மட்டும் ஒரு பொட்டு பேஸ்ட்.

போல்ட்டுகளை எல்லாம் கையால் திருகி உட்கார வைத்துவிட்டு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாக மாறி மாறி இரண்டு சுற்றில் முறுக்குங்கள். இவை பெரும்பாலும் 10 எம்எம் ஸ்பேனர் பிடிக்கும் சின்ன போல்ட்டுகள், 10 நியூட்டன் மீட்டர் அளவுதான் தாங்கும், உங்கள் வண்டிக்கான சரியான எண் சர்வீஸ் புத்தகத்தில் இருக்கும். டிரெயின் பிளக்குக்குப் புது வாஷர் போடுங்கள். ஃபில்டரையும் மாற்றிவிடுங்கள்.

பேஸ்ட் காய ட்யூபில் போட்டிருக்கும் நேரத்தைக் கொடுங்கள், ஒரு நாள் முழுக்க விட்டால் நிம்மதி. பிறகு புத்தகத்தில் சொன்ன கிரேடில், சொன்ன அளவுக்கு ஆயில் ஊற்றி ஸ்டார்ட் செய்யுங்கள். சில விநாடிகளில் ஆயில் லைட் அணைய வேண்டும், அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்தால் சில நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, அடியில் டார்ச் அடித்துப் பாருங்கள், டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவைச் சரிபாருங்கள்.

கேள்வி: இதற்கு இன்ஷூரன்ஸ் கிடைக்குமா?

பதில்: காம்ப்ரிஹென்சிவ் பாலிசி என்றால், இடித்ததால் உடைந்த சம்ப்புக்குப் பொதுவாகக் கேட்கலாம், கழற்றும் முன் போட்டோ எடுத்துத் தகவல் சொல்லிவிடுங்கள். ஆயில் ஒழுகிய பிறகும் ஓட்டி எஞ்சின் போனால் அதைப் பின்விளைவுச் சேதம் என்று தள்ளிவிடுவார்கள், அதற்குத் தனியாக எஞ்சின் புரொடெக்ஷன் என்ற கூடுதல் காப்பீடு எடுத்திருக்க வேண்டும்.

கேள்வி: வடித்த ஆயிலை என்ன செய்வது?

பதில்: சாக்கடையிலோ தென்னை மரத்தடியிலோ ஊற்றாதீர்கள். 2016-ஆம் ஆண்டின் அபாயக் கழிவு விதிகளில் இதுவும் வருகிறது. மூடியுள்ள கேனில் பிடித்து, பழைய ஆயிலை மறுசுழற்சிக்குக் கொடுக்கும் சர்வீஸ் சென்டரில் ஒப்படையுங்கள். வேலை முழுக்கக் கையுறை போட்டுக்கொள்ளுங்கள், ஓடிய எஞ்சின் ஆயில் தோலில் தொடர்ந்து பட்டால் புற்றுநோய் ஆபத்து உண்டு.