200 வெள்ளி விலைக் கழிவு யாருக்கு?

கேள்வி: விற்கிறவனே ‘குறைவாக வாங்கு’ என்பானா? அமெரிக்காவில் மின்சார நிறுவனங்கள் சிக்கனத் திட்டங்களுக்கு வருடா வருடம் பணத்தைக் கூட்டுகின்றனவாம். இங்கே மலேசியாவிலும் மின்சாரத்தை மிச்சப்படுத்தும் நட்சத்திர முத்திரை ஐஸ் பெட்டிக்கு 200 வெள்ளி (ரிங்கிட்) விலைக் கழிவு கொடுத்தார்கள். பில்லில் நம்மிடம் பிடிக்கும் 1.6 விழுக்காட்டை நமக்கே கொடுத்துப் பெயர் வாங்கும் கண்கட்டு வித்தைதானே இது?
– ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: அந்த 1.6 விழுக்காடு வேறு கணக்கு, ஐயா. சூரிய ஒளி போன்ற புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கான நிதி அது. மாதம் 300 யூனிட்டுக்குள் புழங்கும் வீடுகளிடம் அதைப் பிடிப்பதே இல்லை. பில்லை எடுத்து ஒருமுறை பாருங்கள்.

விற்கிறவன் ஏன் அப்படிச் சொல்கிறான் என்பது நல்ல கேள்வி. புதிய மின்நிலையம் கட்டி ஒரு யூனிட் எடுப்பதைவிட, இருக்கிற யூனிட்டை மிச்சம் பிடிப்பது பெரும்பாலும் மலிவு. ஆனால் விற்பனை குறைந்தால் வருமானம் போய்விடுமே! கலிபோர்னியா 1982-லேயே இதற்கு வழி கண்டது. எவ்வளவு விற்றாலும், கட்டணத்தை நிர்ணயிக்கும் அரசு ஆணையம் அனுமதித்த வருமானம்தான் நிறுவனத்துக்கு. குறைந்தால் அடுத்த கட்டணத்தில் ஈடு செய்வார்கள், கூடினால் திருப்பித் தர வேண்டும். அப்புறம் சிக்கனத்தைக் கண்டு பயப்பட என்ன இருக்கிறது? 2010-ல் அமெரிக்க மின்சார, எரிவாயுக் கட்டணதாரர் பணத்தில் சுமார் 4.8 பில்லியன் டாலர் இத்திட்டங்களுக்குப் போனது. 2025-க்குள் அது ஏறக்குறைய இரட்டிப்பாகலாம் என்று 2013-ல் அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகம் கணித்தது.

பணம் மக்களுடையது என்றீர்களே, அங்கே உங்களோடு நிற்கிறேன். அதனால்தான் கேள்வியை வேறு பக்கம் திருப்பச் சொல்கிறேன். ரப்பர் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-ல், அமைச்சராக இருந்த துன் சம்பந்தன், தொழிலாளர்களே தோட்டங்களை வாங்கட்டும் என்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்துக்கு மாதம் பத்து வெள்ளி கட்டிய பால்வெட்டுக்காரர்களின் பிள்ளைகள் நாம். பொதுப்பணம் போட்டவருக்கும் பலன் வர வேண்டும் என்பதை யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

2021-ல் நம் அரசு நான்கு, ஐந்து நட்சத்திர ஐஸ் பெட்டிக்கும் ஏர்கோனுக்கும் 200 வெள்ளி கழித்தது. மீதிப் பணம்? அதை நாம்தான் எடுத்து வைக்க வேண்டும். தோட்டத்து லயன் வீட்டை விட்டு மலிவு விலை அடுக்குமாடிக்கு வந்த குடும்பம் யாரோ கழித்துப் போட்ட ஐஸ் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறது. கதவு ரப்பர் பிய்ந்து, மோட்டார் ஓயாமல் ஓடுகிறது. மீட்டரும்தான். அந்த வீட்டுக்கு 200 வெள்ளிக் கழிவு எட்டாது. அதை வாங்கிக்கொண்டவர்கள் எப்படியும் புதுப் பெட்டி வாங்கக் கூடியவர்கள்.

2025 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள கட்டண முறையில், 200 யூனிட்டுக்குள் புழங்கினால் யூனிட்டுக்கு 25 சென் ஊக்கத்தொகை. புழக்கம் ஏற ஏறக் குறைந்து 1,000 யூனிட்டைத் தாண்டினால் இல்லை. நல்ல ஏற்பாடு, மனதார வரவேற்கிறேன். ஆனால் பழைய பெட்டி அந்தச் சலுகையையும் சேர்த்துத் தின்கிறதே!

கலிபோர்னியாவில் வருமானம் குறைந்த வீட்டுக்கு ஆளே வந்து, பழைய பெட்டியை எடுத்துக்கொண்டு புதியதை இலவசமாக வைத்துப்போகும் திட்டம் உண்டு. செலவைக் கட்டணதாரர்கள் எல்லாரும் பகிர்ந்துகொள்கிறார்கள். இங்கே கேட்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் அடுக்குமாடியில் எத்தனை வீட்டில் பத்து வயது தாண்டிய ஐஸ் பெட்டி ஓடுகிறது, மாதம் எத்தனை யூனிட் என்று எழுதி அனுப்புங்கள். பெயர் வேண்டாம், மாடி எண் போதும். அந்தப் பட்டியலோடு நானே சட்டமன்ற உறுப்பினரிடம் போகிறேன்.