கேசட்டில் கேட்கும் கைத்தட்டல்

கேள்வி: கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவின் பழைய கச்சேரிகளை இணையத்தில் கேட்டு வருகிறேன். ஒரே கச்சேரிக்கு மிக்ஸர் என்ற ஒலிக்கலவைக் கருவியிலிருந்து நேராக எடுத்த பதிவும் இருக்கிறது, கூட்டத்தில் உட்கார்ந்து ரசிகர் எடுத்ததும் இருக்கிறது. தெளிவானது கையில் இருக்க, விசிலும் இருமலும் கலந்த இன்னொன்றை ஏன் பொத்திப் பொத்தி வைத்திருக்கிறார்கள்?
- வாசகர், தேனி

பதில்: நானும் முதலில் மிக்ஸர் பதிவுகளைத்தான் தேடிச் சேர்த்தேன். 1991-ல் கலிஃபோர்னியாவில் வேலை பார்த்தபோது, டிசம்பர் கடைசியில் ஓக்லண்ட் கொலிசியத்தில் அவர்களுடைய கச்சேரி ஒன்றுக்குப் போனேன். மிக்ஸருக்குப் பின்னால் ஒரு பகுதி முழுக்க மைக் ஸ்டாண்டுகள், கரும்புக் கொல்லை மாதிரி தலைக்கு மேல் நின்றன. பக்கத்தில் பேசுகிறவர் குரல் விழக்கூடாது என்றுதான் அவ்வளவு உயரம். என் அருகில் இருந்தவரின் மடியில் சோனி ரெக்கார்டர். பாட்டு முடிந்தால் அவர் கைகூடத் தட்டவில்லை, கண் முழுக்கக் கேசட் சுற்றுவதிலேயே இருந்தது. 90 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். இந்தக் குழுவோ ஒரு பாட்டை இருபது நிமிடம் வாசித்து, நிறுத்தாமல் அடுத்த பாட்டுக்குள் நுழைந்துவிடும். எங்கே திருப்பிப் போடுவது? டிரம்ஸ் கொஞ்சம் தணிந்த நேரம் பார்த்து, இருட்டிலேயே மூடியைத் திறந்து, கேசட்டைப் புரட்டி, பட்டனை அழுத்திவிட்டார். மூன்று நொடி ஆகியிருக்கலாம்.

அவர் முகவரியை வாங்கிக்கொண்டு, காலிக் கேசட்டுகளும் திரும்பி வருவதற்குத் தபால்தலை ஒட்டிய உறையும் அனுப்பினேன். அன்று அதுதான் வழக்கம், காசு வாங்க மாட்டார்கள். ஒரு மாதத்தில் நகல் வந்தது. குழுவின் கிட்டார் கலைஞர் ஜெர்ரி கார்சியா கிட்டாரில் முதல் இரண்டு சுரம் தொட்டதுமே இன்ன பாட்டு என்று பிடித்துவிட்டு, கூட்டம் மொத்தமும் ‘ஓ’ என்கிறது. அந்த ‘ஓ’வில் நானும் இருக்கிறேன். மிக்ஸர் பதிவில் அது எங்கோ தூரத்தில் கேட்கும், இல்லையென்றால் கேட்கவே கேட்காது.

இன்னொன்று. மிக்ஸரில் உட்காருகிறவர் அரங்கத்துக்காக ஒலியைச் சரிசெய்கிறார், கேசட்டுக்காக அல்ல. சின்ன அரங்கில் கிட்டாரின் ஒலிபெருக்கி (ஆம்ப்) தானாகவே காதைப் பிளக்கும் என்பதால் மிக்ஸரில் அதைக் குறைத்துவைப்பார். அந்தப் பதிவைக் கேட்டால் பாடகர் காதுக்குள் நிற்பார், கிட்டார் பக்கத்து வீட்டில் வாசிப்பது போலிருக்கும். அன்று அரங்கில் கேட்டது எது என்றால், அது ரசிகர் கேசட்டில்தான் இருக்கிறது. ஒருவர் பதிவில் விட்டுப்போன நொடிகளை இன்னொருவர் பதிவிலிருந்து ஒட்டிச் சேர்ப்பதும் உண்டு. அதனால்தான் ஒன்றையும் தூக்கிப் போடுவதில்லை.

கேள்வி: இதெல்லாம் திருட்டுப் பதிவுதானே?
- வாசகர், ஈரோடு

பதில்: கிரேட்ஃபுல் டெட் விஷயத்தில் இல்லை. முன்பெல்லாம் நல்ல ஒலி கிடைக்கிறதென்று மிக்ஸருக்கு முன்னால் ஸ்டாண்டுகளை நட்டுவிடுவார்கள், ஒலிப் பொறியாளருக்கே மேடை மறைந்துவிடும். அதனால் 1984 அக்டோபர் 27 அன்று பெர்க்லி கம்யூனிட்டி தியேட்டரில், பதிவு செய்பவர்களுக்கென்றே மிக்ஸருக்குப் பின்னால் இடம் ஒதுக்கினார்கள். பகிரலாம், விற்கக்கூடாது. ரசிகர்களும் அதைக் கட்டிக் காத்தார்கள்.

லெட் செப்பெலின் போன்ற குழுக்கள் அனுமதிக்கவில்லை. 1977-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஃபோரம் அரங்கில் மைக் மில்லார்ட் என்ற ரசிகர் சக்கர நாற்காலியில் ரெக்கார்டரை மறைத்துக் கொண்டுபோய்ப் பதிவு செய்தார். விதிப்படி அது தவறு, அதை நான் மழுப்ப மாட்டேன். ஆனால் அவர் விற்றுக் காசாக்கவில்லை. நகல் கொடுக்கும்போது, விற்பனைக்குப் போனால் யார் மூலம் போனது என்று தெரிய ரகசிய அடையாளம் வைத்துக் கொடுத்தார். அவர் உழைப்பை வட்டாக அச்சடித்து விற்றவர்களைத்தான் நான் திருடர்கள் என்பேன்.

கேள்வி: என் அண்ணன் கல்லூரி நாட்களில் ராக் கச்சேரிகளில் பதிவு செய்த கேசட்டுகள் இருபது இருக்கின்றன. எம்பி3 ஆக்கினால் போதுமா?
- வாசகி, நாகர்கோவில்

பதில்: போதாது. எம்பி3 ஒலியில் ஒரு பகுதியைக் கழித்துவிடும். ஃப்ளாக் (FLAC) என்ற கோப்பு வடிவில் மாற்றுங்கள், எதுவும் போகாது. கேசட் டெக்கில் நாடா உரசிப் போகும் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டு ஓட்டுங்கள். இரைச்சல் நீக்கும் மென்பொருளை மூலப் பதிவின்மேல் பாய்ச்ச வேண்டாம், இரைச்சலோடு டிரம்ஸின் சிம்பல் தட்டு ஒலியும் போய்விடும். எந்த அரங்கம், என்ன தேதி, எங்கே நின்று எடுத்தார், நடுவில் பேசுவது யார் என்று அண்ணனிடம் இப்போதே கேட்டு எழுதிவையுங்கள். அப்புறம், கேசட்டின் மேல் விளிம்பில் இரண்டு மூலையிலும் சின்னப் பிளாஸ்டிக் தாழ் இருக்கும். முதல் வேலையாக அதை ஒடித்துவிடுங்கள். தவறிப்போய் யாராவது ரெக்கார்ட் பட்டனை அழுத்தினாலும் பதிவு அழியாது.