கிழங்குக் காலத்தில் சர்க்கரை நோயாளி என்ன சமைக்கலாம்?

கேள்வி: தக்கலை பக்கம் இருக்கிறேன், வயது 58. சில வருடங்களாகச் சர்க்கரை நோய். மெட்ஃபார்மின், கிளிமிபிரைடு மாத்திரைகள் சாப்பிடுகிறேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி 7.9. மார்கழி பிறந்தால் எங்கள் வீட்டில் காச்சில் (பெருவள்ளி), சிறுகிழங்கு, சேனை, மரச்சீனி (மரவள்ளி) என்று கிழங்குதான். மண்ணுக்கடியில் விளைவது எதையும் தொடக்கூடாது என்கிறான் மகன். திருவாதிரை நோன்பு வேறு வருகிறது, அன்று அரிசி சேர்க்க மாட்டேன். என்ன செய்வது டாக்டர்?

பதில்: அம்மா, கிழங்கை ஒதுக்க வேண்டாம். மண்ணுக்கடியில் விளைவதெல்லாம் ஆகாது என்றால் முள்ளங்கியும் கேரட்டும் சின்ன உள்ளியும்கூட ஆகாது என்றாகிவிடும். அவற்றில் மாவுச்சத்து குறைவு, பயமில்லாமல் சாப்பிடலாம். நீங்கள் சொன்ன நாலு கிழங்குகளின் கதை வேறு. அவற்றைச் சோற்றின் கணக்கில் வையுங்கள், கறியின் கணக்கில் வைக்காதீர்கள்.

100 கிராம் சோற்றில் ஏறத்தாழ 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அதே எடை வெந்த மரச்சீனியில் அதற்குக் குறையாது, சற்றுக் கூடவே இருக்கும். காச்சிலும் கிட்டத்தட்ட சோறுதான். சேனையில் மட்டும் 20 கிராமுக்குள் நிற்கும். நாலில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் உங்களுக்கு நான் சேனையைத்தான் சொல்வேன்.

இங்கே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது, சம்பா அரிசிச் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள மசித்த மரச்சீனி, கூடவே காச்சில் போட்ட புளிக்குழம்பு. ஒரே இலையில் மூன்று சோறு. திருவிதாங்கூரில் மரச்சீனி பரவியதே அரிசிக்குப் பதிலாகத்தான். 1880களில் விசாகம் திருநாள் மகாராஜா அதைப் பயிரிட ஊக்கம் கொடுத்தார். 1942இல் பர்மா அரிசி நின்றபோது நம் பக்கத்து வீடுகளில் அடுப்பு எரிந்தது இந்தக் கிழங்கால்தான். பதிலாக வந்ததைப் பதிலாகவே சாப்பிட்டால் போதும். கிழங்கு வேகும் வேளையில் சோறு வேண்டாம்.

தட்டில் கால் பங்கு கிழங்கு. இன்னொரு கால் பங்கு சாளை மீனோ நெத்திலியோ, சைவம் என்றால் வேகவைத்த சிறுபயறோ. மீதிப் பாதி காய். இந்தப் பருவத்தில் நாகர்கோவில் வடசேரி சந்தையில் அவரையும் தடியங்காயும் (வெண்பூசணி) நன்றாகக் கிடைக்கும். தடியங்காயில் மோர்க்கறி, அவரையில் துவரன், வாழைப்பூ, முருங்கைக்கீரை என்று மாற்றி மாற்றிச் செய்யுங்கள். அவியலில் காயைக் கூட்டிச் சேனையைக் குறையுங்கள். மரச்சீனியில் புரதம் ஒரு சதவீத அளவுக்குத்தான் இருக்கும், அதனால் மீன் சேர்த்துச் சாப்பிடும் நம் பழக்கம் நல்ல பழக்கம். அதை விடாதீர்கள்.

மரச்சீனியில் சயனைடு தரும் பொருள் இயல்பாகவே உண்டு. தோலை முழுக்க உரித்து, சின்னத் துண்டாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டுங்கள். கசந்தால் அந்தக் கிழங்கே வேண்டாம். சேனை நாக்கை அரிப்பது ஆக்சலேட் ஊசிகளால். புளியோ மோரோ சேர்த்தால் அரிப்பு அடங்கும். ஆனால் சிறுநீரகக் கல் வந்தவர்கள் சேனையைக் குறைத்துக்கொள்வது நல்லது.

பழத்துக்கு வருவோம். இப்போது நெல்லிக்காய் வரும். பச்சையாக நறுக்கித் தயிரும் காந்தாரி மிளகாயும் சேர்த்துப் பச்சடி செய்யுங்கள். அதிக நேரம் கொதித்தால் வைட்டமின் சி போய்விடும். தேன் நெல்லி உங்களுக்கு வேண்டாம், அது சர்க்கரைதான். கொய்யா பாதி தாராளமாகச் சாப்பிடலாம். ஏத்தம்பழம் (நேந்திரம்பழம்) முழுதாக ஒன்று அதிகம். ஏத்தங்காயைத் துவரன் வைத்தாலும் அதையும் மாவுச்சத்துக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி திருவாதிரை. எனக்குக் கவலை கிழங்கில் இல்லை, கிளிமிபிரைடில்தான். அந்த மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடத் தாமதித்தால் சர்க்கரை சட்டென்று இறங்கும். நோன்பு அன்று அதை எடுக்கலாமா, எவ்வளவு எடுக்கலாம் என்று உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள், நீங்களாக நிறுத்த வேண்டாம். கிழங்குகளை வேகவைத்துச் செய்யும் திருவாதிரைப் புழுக்கில் வெல்லம் சேர்க்காமல் பயறு சேர்த்துச் சமையுங்கள். வியர்த்தாலோ கை நடுங்கினாலோ உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடத்தில் மறுபடி பார்த்து, அப்புறம் சாப்பிட்டுவிடுங்கள். நோன்பு கலைந்ததே என்று வருந்தாதீர்கள்.

ஒவ்வொரு கிழங்கையும் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துச் சர்க்கரை பாருங்கள். 180ஐத் தாண்டினால் அடுத்த முறை அளவைக் குறையுங்கள். உங்கள் உடம்புக்கு எது ஒத்துவரும் என்பதை அது சொல்லிவிடும். மகனிடமும் அந்த எண்ணைக் காட்டுங்கள். சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பரிசோதனை பார்த்து ஒரு வருடம் ஆகியிருந்தால் அதையும் இந்த மாதமே எடுங்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தால், இந்தக் கிழங்குகளிலும் ஏத்தனிலும் உள்ள பொட்டாசியத்துக்காக வேறு அளவு சொல்ல வேண்டிவரும்.