நுகர்வோர் கேள்வி-பதில்: உச்சிக்குப் போகுமுன் அடியைப் பாருங்கள்

கேள்வி: பனியாற்றைக் கடக்காமலே ஏறலாம், கூட்டமும் இருக்காது என்று சுவிட்சர்லாந்தின் பார்ஹார்ன் சிகரத்துக்குச் சென்றேன். ஏழு மாதங்களுக்கு முன் பேர்னில் தள்ளுபடியில் வாங்கிய காலணியின் அடிப்பகுதி வழியிலேயே கழன்றது. நான்கு முறைதான் அணிந்தேன். அதிகம் நடந்துவிட்டதாகக் கடைக்காரர் என்னையே குறை சொல்கிறார்.

பதில்: நடப்பதற்குத்தானே காலணி! தவறு உங்களுடையதன்று. காலணியின் இடை அடுக்கில் உள்ள பாலியூரிதேன் நுரை, பெட்டியைத் திறக்காமலே வைத்திருந்தாலும், காற்றின் ஈரத்தால் சில ஆண்டுகளில் சிதைந்துவிடும். தள்ளுபடியில் கிடைத்தது கடையில் நெடுநாள் கிடந்த பழைய இருப்பாக இருக்கலாம். நானும் இப்படி ஏமாந்தவன்தான். 2,519 மீட்டரில் இருக்கும் துர்ட்மன் என்னும் மலையேறிகள் தங்கும் குடிலிலிருந்து பார்ஹார்னின் 3,610 மீட்டர் உச்சிவரை, பாதி விலைக்கு வாங்கிய காலணியோடு ஏறிவிட்டேன். இறங்கும்போது கற்சரிவில் ரப்பர் அடி நாக்கைப்போலத் தொங்க, நுரை நமுத்த ரஸ்க்கைப்போல உதிர்ந்தது. காலணி நாடாவை அடியோடு சுற்றிக் கட்டி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை குனிந்து இறுக்கியபடியே குடிலுக்குத் திரும்பினேன். பத்து ரூபாய் பிஸ்கட்டில்கூடத் தயாரிப்புத் தேதி பளிச்சென்று தெரியும்போது, உயிரை நம்பி ஏறும் காலணிக்கு அதைக் கடைக்காரர் வாய் திறந்து சொல்வதில்லை என்பது என் நெடுநாள் எரிச்சல். பல காலணிகளில், நாடாவுக்கு அடியிலிருக்கும் நாக்குப் பகுதியின் உட்புறத் துணிச்சீட்டில் மாதமும் ஆண்டும் இருக்கும். அதைப் படமெடுத்து, ரசீதுடன் எழுத்து மூலம் முறையிடுங்கள். விற்பனை நிபந்தனைகளில் விலக்கப்படாதிருந்தால், சுவிட்சர்லாந்தில் பொருளின் குறைகளுக்கு விற்பவரே 2 ஆண்டுகள் பொறுப்பு.

கேள்வி: சூரிச்சிலுள்ள இணையக் கடையில் வாங்கிய மழைச்சட்டையின் நிறம் பிடிக்கவில்லை. 14 நாளில் திருப்பலாம் அல்லவா?

பதில்: அது ஐரோப்பிய ஒன்றியத்துச் சட்டம். சுவிட்சர்லாந்தில் கடை மனம் வைத்தால்தான் உண்டு.

கேள்வி: மலைப்பாதைகளுக்குக் கட்டண வரைபடச் செயலி அவசியமா?

பதில்: இல்லை. சுவிஸ் அரசின் சுவிஸ்டோபோ செயலி இலவசம்.

கேள்வி: சென்னையிலிருந்து செல்கிறேன். இருப்பதிலேயே மலிவான பயணக் காப்பீட்டை எடுத்துவிட்டேன். ஹெலிகாப்டர் மீட்புக்கும் சேர்த்துத்தானே?

பதில்: பணம் கட்டிய பிறகா கேட்பது? சுவிட்சர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கான ஷெங்கன் விசாவுக்குக் கேட்கப்படும் 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு, மலையேற்றத்தையும் மலை மீட்பையும் தானாகவே உள்ளடக்கிவிடாது. விலக்குகள் என்ற பக்கத்தைப் படித்துவிட்டு, வெள்ளை-சிவப்பு-வெள்ளைக் குறியிட்ட மலைப்பாதைக்கும், அதைவிடக் கடினமான வெள்ளை-நீலம்-வெள்ளைப் பாதைக்கும் பொருந்துமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்குங்கள். ரேகா என்னும் வான்மீட்பு அமைப்புக்கு நன்கொடையாளராகலாம், ஆனால் அது காப்பீடு அன்று. செலவைத் தள்ளுபடி செய்வது அவர்கள் விருப்பம்.