நர்ஸ் பிராக்டிஷனர் வேலை எங்கே வளர்கிறது? தங்கைகள், தம்பிகள் கேட்ட கேள்விகளுக்குப் பதில்

பினாங்கில் 27 ஆண்டுகளாகத் தாதியாக இருக்கிறேன். அரசாங்க மருத்துவமனை வார்டில் தொடங்கினேன், நடுவில் ஐந்து ஆண்டுகள் சிங்கப்பூரில் இருந்தேன், இப்போது பட்டர்வொர்த் பக்கம் தாதிமை மாணவர்களுக்கு வார்டுப் பயிற்சி கொடுக்கிறேன். போன தைப்பூசத்தில் தண்ணீர்மலையில் முதலுதவிப் பந்தலில் உட்கார்ந்திருந்தபோது இரண்டு மாணவிகள் இந்த வேலையைப் பற்றிக் கேட்டார்கள். அப்புறம் பலரும் எழுதிக் கேட்டதால் எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: நர்ஸ் பிராக்டிஷனர் என்பவர் மேற்படிப்பு முடித்த தாதி. நோயாளியைச் சோதித்து, என்ன நோய் என்று முடிவு செய்து, ரத்தப் பரிசோதனைக்கு எழுதி, மருந்தும் எழுதித் தர அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமை எவ்வளவு என்பது ஊருக்கு ஊர் மாறும்.

அமெரிக்காவில் இந்த வேலை 40% வளரும் என்று படித்தேன். நம்பலாமா அக்கா? (செபராங் ஜெயா, டிப்ளோமா மாணவி)

நம்பலாம். அமெரிக்கத் தொழிலாளர் புள்ளிவிவர அலுவலகம் 2024 முதல் 2034 வரைக்கும் போட்ட கணக்கு அது. எல்லா வேலைகளையும் சேர்த்துப் பார்த்தால் வளர்ச்சி 3 விழுக்காடுதான். காற்றாலைத் தொழில்நுட்பர், சூரியத் தகடு பொருத்துபவர், இந்த இரண்டுக்கும் அடுத்து மூன்றாவது இடத்தில் நர்ஸ் பிராக்டிஷனர் நிற்கிறார். 2024இல் நடுத்தரச் சம்பளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 129,000 டாலர். முதியவர்கள் கூடுகிறார்கள், சிறிய ஊர்களுக்குக் குடும்ப மருத்துவர்கள் போவதில்லை, அந்த இடத்தை இவர்கள் நிரப்புகிறார்கள்.

ஆனால் அது நாடு முழுவதுக்குமான எண். நீங்கள் வேலை செய்யப் போவது ஏதோ ஒரு மாநிலத்தில். பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் மருத்துவரின் கையெழுத்து இல்லாமல் தாமாகவே நோயாளி பார்க்கலாம். அரிசோனா, நியூ மெக்சிகோ, வாஷிங்டன் எல்லாம் அந்த வகை. டெக்சஸில் ஒரு மருத்துவரோடு எழுத்து ஒப்பந்தம் இருந்தால்தான் மருந்து எழுத முடியும். கலிபோர்னியாவில் சம்பளம் அதிகம், ஆனால் 2020இல் சட்டம் போட்டுப் படிப்படியாகத்தான் கையைத் தளர்த்துகிறார்கள். அதனால் எத்தனை வேலை வருகிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அந்த மாநிலச் சட்டம் உங்களை என்ன செய்ய விடுகிறது என்று பாருங்கள். நான் யாரிடமும் முதலில் சொல்வது இதைத்தான்.

டிப்ளோமா முடித்து ஆறு வருடம் மெடிக்கல் வார்டில் இருக்கிறேன். அமெரிக்காவில் நர்ஸ் பிராக்டிஷனராக எத்தனை வருடம் ஆகும்? (புக்கிட் மெர்தாஜாம்)

என் கணக்கில் எட்டிலிருந்து பத்து ஆண்டு. முதலில் என்க்லெக்ஸ், அதாவது அமெரிக்கத் தாதி உரிமத் தேர்வு. அப்புறம் ஆங்கிலத் தேர்வு, உங்கள் படிப்பையும் உரிமத்தையும் சரிபார்த்துத் தரும் விசாஸ்கிரீன் சான்றிதழ், மருத்துவமனை உங்களுக்காகப் போடும் கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) விண்ணப்பம், வரிசையில் காத்திருப்பு. இவ்வளவுக்கும் பிறகு நீங்கள் அங்கே சாதாரணத் தாதிதான். அதற்கு மேல் முதுகலைப் படிப்பு. அதில் நோயாளிகளை நேரடியாகப் பார்க்கும் பயிற்சி மட்டுமே 750 மணி நேரமாவது இருக்க வேண்டும் என்று 2022இல் வந்த தர விதி சொல்கிறது. கடைசியில் தேசியச் சான்றிதழ்த் தேர்வு.

காத்திருக்கும் நேரத்தை வீணாக்காதீர்கள். முதுகலைக்குப் பட்டம் வேண்டும், உங்களிடம் டிப்ளோமாதான் இருக்கிறது. மலேசியத் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்துக்கொண்டே தாதிமைப் பட்டம் படிக்கலாம். என்னோடு ஷிப்ட் பார்த்த பலர் அப்படித்தான் முடித்தார்கள். இரவு வேலை முடிந்து வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அசைன்மென்ட் எழுதுவார்கள்.

நான் திருச்சியில் பிறந்தவள், திருமணமாகி 12 வருடமாகப் பினாங்கில் இருக்கிறேன். எனக்கும் மலேசிய வரிசைதானே? (ஜெலுத்தோங்)

இல்லை அம்மா. இதைத் தெரியாமல் பணம் கட்டியவர்கள் உண்டு. கிரீன் கார்டு வரிசைக்கு எந்தக் கடப்பிதழ் வைத்திருக்கிறீர்கள் என்பது கணக்கில்லை, எங்கே பிறந்தீர்கள் என்பதுதான் கணக்கு. இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வரிசை பல ஆண்டுகள் நீளம். ஆனால் ஒரு வழி இருக்கிறது: உங்கள் கணவர் மலேசியாவில் பிறந்தவராக இருந்து, இருவரும் சேர்ந்து போவதாக இருந்தால் அவருடைய பிறந்த நாட்டை வைத்து விண்ணப்பிக்கலாம். ஏஜெண்டிடம் போகும்போது அவருடைய பிறப்புப் பத்திரத்தையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

இங்கிருந்தே ஆன்லைனில் நர்ஸ் பிராக்டிஷனர் ஆகலாம் என்று ஒரு ஏஜெண்ட் சொல்கிறார்.

வேண்டாம். பாடம் ஆன்லைனில் நடக்கலாம். 750 மணி நேரம் நோயாளியை யார் திரையில் தொட்டுப் பார்ப்பது?

சிங்கப்பூர் எப்படி அக்கா? (பாயான் லெப்பாஸ், ஐ.சி.யூ. தாதி)

உங்களுக்கு நான் முதலில் காட்டுகிற கதவு இதுதான். அங்கே இதற்கு அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ் என்று பெயர். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் 2003இலிருந்து முதுகலைப் படிப்பு இருக்கிறது. படித்து முடித்து, மருத்துவரின் மேற்பார்வையில் பயிற்சி முடித்தால் தாதியர் வாரியம் தனியாகப் பதிவு செய்யும். 2018இலிருந்து கூட்டு மருந்தெழுதும் பயிற்சி முடித்தவர்கள், மருத்துவமனை வகுத்த எல்லைக்குள் தாங்களே மருந்து எழுதுகிறார்கள்.

நான் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். சிங்கப்பூரில் ஓர் அட்வான்ஸ்ட் பிராக்டிஸ் நர்ஸ் நோயாளி பார்த்த இதயப் பலவீனக் கிளினிக். எழுபது வயது சீனப் பெரியவர் ஒருவர் வந்தார். மூன்று நாளில் எடை இரண்டு கிலோ ஏறியிருக்கிறது. அந்தத் தாதி குனிந்து அவர் கணுக்காலுக்கு மேலே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தார். குழி அப்படியே நின்றது. நெஞ்சைக் கேட்டார், உப்புக் கருவாடு சாப்பிட்டீர்களா என்று அவர் பாஷையிலேயே கேட்டார், பெரியவர் சிரித்தார். நீர் போகிற மாத்திரையின் அளவைக் கூட்டி எழுதினார், பொட்டாசியம் பார்க்க ரத்தம் எடுக்கச் சொன்னார், மூன்று நாளில் வரச் சொன்னார். பதினைந்து நிமிடம்தான். பினாங்கு வார்டில் அதே குழியை நானும் எத்தனையோ காலில் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு டாக்டருக்குப் போன் போட்டுக் காத்திருப்பேன். அவர் வேறொரு வார்டில் இருப்பார், பாவம், அவருக்கும் இரண்டு கைதான். அந்தக் காத்திருப்பில் நோயாளிக்கு மூச்சு வாங்கும். இந்தப் படிப்பு ஏன் வேண்டும் என்று எனக்குப் புரிந்தது அன்றைக்குத்தான்.

வேலை வாய்ப்பும் இருக்கிறது. தாதியர், சிகிச்சைத் துணைப் பணியாளர், பராமரிப்பாளர் என எல்லாரையும் சேர்த்து 2030க்குள் 82,000 பேர் தேவை என்று அந்நாட்டுச் சுகாதார அமைச்சு சொல்லியிருக்கிறது. பொது மருத்துவமனைத் தாதியர் விலகிப் போகாமல் இருக்க, 20 ஆண்டுகளில் 100,000 சிங்கப்பூர் வெள்ளி வரை தரும் திட்டத்தை 2024இல் அறிவித்தார்கள். வெளிநாட்டுத் தாதியரும் சில ஆண்டுகள் பணிக்குப் பிறகு அதில் சேரலாம். வீட்டு வாடகையைக் கழித்துக் கணக்குப் போடுங்கள், மறக்காதீர்கள்.

ஆஸ்திரேலியா? (சுங்கை ஆரா)

சிங்கப்பூரில் வேலை பார்த்தவர்களுக்கு அது அடுத்த படி. வெளிநாட்டுத் தாதியர் சீக்கிரம் பதிவு பெற 2025இல் புதிய வழி திறந்தார்கள். ஒப்பான தரம் உள்ள நாடுகள் என்று அவர்கள் வைத்திருக்கும் பட்டியலில் சிங்கப்பூர் இருக்கிறது, மலேசியா இல்லை. சிங்கப்பூரில் பதிவு பெற்று 1,800 மணி நேரம் வேலை பார்த்திருந்தால், அதாவது ஏறத்தாழ ஒரு வருடம், அந்த வழியில் போகலாம். நர்ஸ் பிராக்டிஷனர் ஆக முதுகலையும், கடைசி ஆறு ஆண்டுகளுக்குள் உயர்நிலைப் பணியில் 5,000 மணி நேரமும் கேட்பார்கள். 2024 நவம்பரிலிருந்து அங்குள்ள நர்ஸ் பிராக்டிஷனர்கள் மருத்துவரோடு ஒப்பந்தம் இல்லாமலே அரசுக் காப்புறுதியின் கீழ் நோயாளி பார்க்கலாம். உள்நாட்டுச் சிற்றூர்களில் தேவை அதிகம். கடைத்தெரு, கோயில், நம் ஆட்கள் எதுவும் பக்கத்தில் இருக்காது. மனசுக்கு ஒத்துவருமா என்று யோசித்துப் போங்கள்.

நம் நாட்டில் இந்த வேலை வருமா, வராதா? (ஜார்ஜ்டவுன், ஓய்வு பெற்ற ஆசிரியர்)

ஐயா, பெயர்தான் இல்லை. வேலையில் பாதி ஏற்கனவே நடக்கிறது. உங்கள் தலைமுறைக்குத் தோட்டத்து டிரஸ்ஸரை, அதாவது தோட்ட மருத்துவ உதவியாளரை, தெரியும். காய்ச்சலோ பாம்புக்கடியோ, முதலில் பார்த்தது அவர்தானே. இன்றைக்கும் கிளினிக் டேசாவுக்கு (கிராமத்து அரசாங்கக் கிளினிக்) போய்ப் பாருங்கள். கர்ப்பிணியின் இளஞ்சிவப்புப் புத்தகத்தில் வெள்ளை, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் ஒட்டுவது தாதிதான். வெள்ளை என்றால் தானே பார்க்கலாம், மஞ்சள் என்றால் டாக்டரிடம் அனுப்ப வேண்டும், சிவப்பு என்றால் உடனே மருத்துவமனை. ஒரு தாயின் உயிர் அந்தச் சின்னத் துண்டில் இருக்கிறது. அந்த முடிவை எடுக்கத் தாதியை நம்புகிறோம். ஆனால் 1952ஆம் ஆண்டு நச்சுப்பொருள் சட்டம் மருந்து எழுதும் உரிமையை மருத்துவர், பல் மருத்துவர், கால்நடை மருத்துவர் என்று நிறுத்திவிட்டது.

மாறியாக வேண்டும் என்றுதான் நினைக்கிறேன். 2023 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 15.6 விழுக்காட்டினருக்கு நீரிழிவு, ஆறு பேரில் ஒருவர். பிறப்பு விகிதம் மிகக் குறைந்த மாநிலங்களில் பினாங்கும் ஒன்று, வீட்டுக்கு வீடு முதியவர்கள். இத்தனை பேரையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் மட்டுமே பார்ப்பது முடியாத காரியம்.

அதுவரைக்கும் இங்கே வளர்வது சிறப்புத் தாதியர் வேலை. இந்தோனேசியாவின் மேடானிலிருந்தும் ஆச்சேயிலிருந்தும் நோயாளிகள் வருவதால் தீவுப்பக்கத் தனியார் மருத்துவமனைகளில் இதயம், புற்றுநோய், அறுவைக்கூடத் தாதியரைத் தேடிக்கொண்டே இருக்கிறார்கள். பெருநிலத்திலும் பெரிய மருத்துவமனைகள் வந்துவிட்டன, செபராங் ஜெயாவில் சன்வே 2022இல் திறந்தது. போஸ்ட் பேசிக் (டிப்ளோமாவுக்கு மேல் ஒரு துறையில் எடுக்கும் சிறப்புப் பயிற்சி) முடித்த தாதிக்கு இந்த ஊரில் வேலை இல்லை என்ற பேச்சே இல்லை.

தாதி ஆவதா, பி.பி.பி. (உதவி மருத்துவ அதிகாரி) ஆவதா என்று குழப்பம். (நிபோங் திபால், எஸ்.பி.எம். முடித்த தம்பி)

இங்கேயே இருக்கப் போகிறீர்கள், நோயாளியைத் தானே பார்த்துச் சிகிச்சை கொடுக்க ஆசை என்றால் பி.பி.பி. அந்த டிரஸ்ஸரின் வாரிசு அவர்தான், 1977இலிருந்து தனிச் சட்டமே இருக்கிறது. வெளிநாட்டு எண்ணம் இருந்தால் தாதிமை படியுங்கள். பி.பி.பி. சான்றிதழை வெளிநாட்டுத் தாதியர் வாரியங்கள் தாதிப் பதிவாக எடுத்துக்கொள்வதில்லை. ஆண்பிள்ளை மிஸ்ஸி வேலைக்குப் போவதா என்று யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். நான் பார்த்த நல்ல ஐ.சி.யூ. தாதியரில் பலர் ஆண்கள்.

மகளுக்கு ஒரு தனியார் மருத்துவமனை முழுப் படிப்புச் செலவும் ஏற்று, இத்தனை ஆண்டு அங்கேயே வேலை பார்ப்பேன் என்று பாண்ட் போடச் சொல்கிறது. கையெழுத்துப் போடலாமா? (பிறை, ஒரு தாய்)

போடலாம், படித்துவிட்டு. என் தங்கை மகள் படிக்காமல் போட்டாள். எந்த மருத்துவமனை என்று சொல்ல மாட்டேன். ஐந்து ஆண்டு என்று நினைத்தாள், பயிற்சிக் காலம் அதில் சேராது என்று ஒரு வரி இருந்தது. நடுவில் அவள் அப்பா படுத்துவிட்டார், ஈப்போவுக்கு மாற்றிக் கேட்டாள், முழுப் பணத்தையும் கட்டிவிட்டுப் போ என்றார்கள். தாலி அடகுக் கடைக்குப் போனது. அதனால் நான்கு விஷயம் எழுத்தில் கேளுங்கள்: ஆண்டு எந்தத் தேதியிலிருந்து எண்ணப்படும், பாதியில் போனால் மீதி ஆண்டுக்கு மட்டும் கட்டலாமா, வேறு கிளைக்கு மாற்றம் உண்டா, போஸ்ட் பேசிக் அனுப்பினால் இன்னொரு பாண்ட் மேலே ஏறுமா. பதில் சொல்லத் தயங்கினால் வேறு இடம் பாருங்கள்.

எனக்கு 43 வயது, மூன்று பிள்ளைகள், வெளிநாடு முடியாது. இனி எனக்கு என்ன இருக்கிறது அக்கா? (பட்டர்வொர்த்)

டயாலிசிஸ். நாட்டில் 50,000 பேருக்கு மேல் டயாலிசிஸில் இருக்கிறார்கள், எண்ணிக்கை கூடிக்கொண்டே போகிறது. சிறுநீரகப் பராமரிப்பில் போஸ்ட் பேசிக் எடுங்கள். பல மையங்கள் ஞாயிற்றுக்கிழமை மூடியிருக்கும், இரவு ஷிப்ட்டும் அநேகமாக இருக்காது. ஒரே நோயாளி வாரத்துக்கு மூன்று முறை உங்கள் முன்னால் உட்காருவார். ஃபிஸ்டுலா (டயாலிசிஸ் ஊசி போடக் கையில் இணைத்த ரத்தக் குழாய்) மேல் விரல் வைத்ததும் அந்த அதிர்வு நேற்றைவிடக் குறைந்திருக்கிறது என்று டாக்டருக்கு முன்னால் உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் எழுதத் துணை வேண்டுமென்றால் எனக்கு எழுதுங்கள், சேர்ந்தே எழுதலாம்.