ஒலிவாங்கியை வாங்கிக்கொண்ட பிறகு

அன்பின் அண்ணனுக்கு,

அக்கரைப்பற்றிலிருந்து எழுதுகிறேன். எங்கள் பகுதிக் கிரிக்கெட், உதைபந்தாட்டச் செய்திகளுக்கென்று சிறிய வலைப்பதிவு ஒன்று வைத்திருக்கிறேன். நான் சிறுவயதிலிருந்து கேட்டுவந்த வானொலி விளையாட்டு அறிவிப்பாளர் ஒருவரின் குரல் மூன்று மாதங்களாக வரவில்லை. விலக்கிவிட்டார்கள் என்கிறார்கள். எந்தப் பத்திரிகையிலும் ஒரு வரி இல்லை. முகநூலில் ஆளுக்கொரு காரணம் எழுதுகிறார்கள். 2006 இல் மஹேலவின் பிடியை எடுத்த தென்னாபிரிக்காவின் முஸ்லிம் வீரர் ஹாஷிம் அம்லாவை, தொலைக்காட்சி வர்ணனையாளர் டீன் ஜோன்ஸ் ‘பயங்கரவாதி’ என்று சொன்னபோது மறுநாளே உலகத்துக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு அப்போது பதினொரு வயது. வாப்பா அந்தச் செய்தியை இரண்டு தடவை வாசித்துவிட்டுப் பத்திரிகையை மடித்து வைத்தது நினைவிருக்கிறது. இப்போது மட்டும் ஏன் இந்த மௌனம்? இப்படியான விடயங்களில் பத்திரிகையை நம்புவதா, வலைப்பதிவுகளை நம்புவதா? அவருடைய தொலைபேசி இலக்கம்கூட என்னிடம் இருக்கிறது. கேள்விப்பட்டதை எழுதலாமா?

எம்., அக்கரைப்பற்று

அன்பின் தம்பி,

முதலில் ஒரு திருத்தம். அம்லா எடுத்தது சங்கக்காரவின் பிடி. அதே போட்டியில் மஹேல 123 ஓட்டங்கள் எடுத்து, 352 என்ற இலக்கை இலங்கை ஒரே ஒரு விக்கெட் மீதமிருக்க எட்டிப்பிடித்ததால் அவர் உங்கள் நினைவில் முந்திக்கொண்டிருப்பார். ஓகஸ்ட் 7, கொழும்பு பாக்கியசோதி சரவணமுத்து மைதானம். விளம்பர இடைவேளை என்று நினைத்து ஜோன்ஸ் அந்தச் சொல்லைச் சொன்னார். தென்னாபிரிக்காவில் ஒலி போய்க்கொண்டிருந்தது. போட்டியை ஒளிபரப்பிய டென் ஸ்போர்ட்ஸ் அன்றைக்கே அவரை நீக்கியது. அவர் மன்னிப்புக் கேட்டார், அம்லா ஏற்றுக்கொண்டார்.

அதே நாட்களில்தான் போருக்குத் தப்பி மூதூர்ச் சனம் உடுத்த உடுப்போடு கந்தளாய்க்குப் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சொல் நம் பக்கத்தில் யார் யாரைச் சுட்டப் பயன்பட்டது என்பது உங்கள் வாப்பாவுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அவர் ஏன் இரண்டு தடவை வாசித்தார் என்று நான் கேட்கமாட்டேன்.

ஆனால் உங்கள் கேள்விக்கு ஜோன்ஸ் உதவமாட்டார். அவருடைய பிழை காற்றிலேயே இருந்தது. கேட்டவர் எல்லாருக்கும் தெரிந்ததைப் பத்திரிகை எழுதியது, அவ்வளவுதான். உங்கள் அறிவிப்பாளருக்குப் பொருத்தமான கதை அதற்கு இரண்டு கிழமை முந்தி அமெரிக்காவில் நடந்தது. ஹரோல்ட் ரெனோல்ட்ஸ் என்பவர் முன்னாள் பேஸ்போல் வீரர், ஈஎஸ்பிஎன் என்ற விளையாட்டுத் தொலைக்காட்சி அலைவரிசையின் பிரபலமான முகம். 2006 ஜூலையில் அவரை நீக்கினார்கள். ஏன் என்று அலைவரிசை சொல்லவில்லை. பெயர் சொல்லாத வட்டாரங்களை வைத்துப் பத்திரிகைகள் பாலியல் தொந்தரவு முறைப்பாடு என்று எழுதின. சாதாரணமான ஓர் அணைப்பைத் தவறாக விளங்கிக்கொண்டுவிட்டார்கள் என்று அவர் சொன்னார். பிறகு வழக்குப் போட்டார். 2008 இல் அது இணக்கமாக முடிந்தது. முழுக்காரணம் இன்றுவரை பொதுவெளிக்கு வரவில்லை.

நிறுவனம் வாயை மூடிக்கொண்ட இந்த மாதிரி நேரங்களில்தான் விளையாட்டு வலைப்பதிவுகள் தலையெடுத்தன. அவற்றில் பெரியது 2005 இல் தொடங்கிய டெட்ஸ்பின். உள்நுழைவு அனுமதியும் இல்லை, யாருடைய தயவும் இல்லை, வாயடக்கமும் இல்லை என்பதுதான் அது தனக்குச் சூட்டிக்கொண்ட விருது. முதல் இரண்டையும் நான் கைதட்டி ஏற்றுக்கொள்கிறேன். ஊடக அட்டையை எதிர்பார்த்து நிற்காதவன், அட்டை தருகிறவனைப் பற்றித் தாராளமாக எழுதலாம். மூன்றாவதில்தான் எனக்குத் தயக்கம். நீக்கப்பட்டவருக்கு அடுத்த வாரம் பேட்டி கொடுக்க ஓர் இடம் கிடைக்கும். முறைப்பாடு கொடுத்த பெண்ணுக்கு எது கிடைக்கும்? ‘அது யாராக இருக்கும்’ என்ற ஊகம் தொடங்கினால், அலுவலகத்தில் இருக்கிற ஒவ்வொரு பெண்ணின் பெயரும் ஒருமுறை உருட்டப்படும். கல்முனையிலும் அப்படித்தான், ஈஎஸ்பிஎன் இருக்கிற கனெக்டிகட்டிலும் அப்படித்தான்.

அதற்காகப் பத்திரிகைக்குப் பொன்னாடை போர்த்தவும் நான் வரவில்லை. 2013 ஜனவரியில் இதே டெட்ஸ்பின், மான்டி டேயோ என்ற கல்லூரி ‘அமெரிக்கன் ஃபுட்போல்’ வீரரின் ‘இறந்துபோன காதலி’ என்றொருத்தி பிறக்கவே இல்லை என்பதை வெளிக்கொண்டுவந்தது. பெரிய சஞ்சிகைகளும் தொலைக்காட்சிகளும் அந்தச் சோகக் கதையைக் கண்ணீர் மல்கச் சொல்லி முடித்திருந்தன. வலைப்பதிவுக்காரர்கள் செய்தவற்றில் ஒன்று மரணப் பதிவைத் தேடிப்பார்த்தது. பத்திரிகைப் பயிற்சியின் முதல் மாதப் பாடம் அது.

பத்திரிகையின் மௌனத்தில் இரண்டு வகை உண்டு. உறுதிப்படுத்தும்வரை பொறுத்திருப்பது ஒன்று. தொழிற்சகோதரன் வீட்டு விவகாரம் என்று பார்வையைத் திருப்பிக்கொள்வது இன்னொன்று. வெளியிலிருந்து பார்க்கும்போது இரண்டும் ஒரே மாதிரித்தான் தெரியும். ஒரு தவிசாளரைப் பதவியிலிருந்து விலக்கினால் முதல் பக்கத்தில் கேள்வி கேட்கிறவர்கள், ஓர் அறிவிப்பாளரை விலக்கினால் ‘தனிப்பட்ட காரணங்கள்’ என்ற சொல்லோடு சமாதானமாகிவிடுகிறார்கள். நாளைக்கு அந்த நிலையத்தில் வேலை கேட்கவேண்டி வரலாம் அல்லவா?

2016 இல் இந்திய வர்ணனையாளர் ஹர்ஷா போக்ளே ஐபிஎல் வர்ணனைக் குழுவில் இல்லாமல் போனார். இந்திய வர்ணனையாளர்கள் எதிரணி வீரர்களைப் பற்றியே அதிகம் பேசுகிறார்கள் என்ற பொருளில் அமிதாப் பச்சன் இட்ட ட்வீட்டையும், தோனி அதைப் பகிர்ந்ததையும் பிடித்துக்கொண்டு எல்லாரும் காரணம் எழுதினார்கள். பத்திரிகைக்கும் வலைப்பதிவுக்கும் அந்தக் கிழமை வித்தியாசம் இருக்கவில்லை. தனக்கு யாரும் காரணம் சொல்லவில்லை என்று போக்ளே தானே முகநூலில் எழுதினார். எனக்குத் தெரிந்து அந்த விவகாரத்தில் உறுதியான செய்தி அது ஒன்றுதான்.

நானும் நீக்கப்பட்ட அறிவிப்பாளன்தான், சிரிக்காதீர்கள். பல வருடங்களுக்கு முன்னர் மட்டக்களப்புக்குத் தெற்கே ஒரு கழகத்தின் மென்பந்துச் சுற்றுப்போட்டி. காலையிலிருந்து நான்தான் ஒலிவாங்கி. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு திரும்பி வந்தால் என் கதிரையில் இன்னொரு பொடியன். ‘அண்ணன் கொஞ்சம் ஓய்வெடுங்கோ’ என்றார்கள். பின்னேரம் தேநீர்க்கடைக்குப் போவதற்குள் மூன்று காரணங்கள் உலாவத் தொடங்கிவிட்டன. பிரதம விருந்தினர் பிந்தி வந்ததைப் பகிடி பண்ணினேனாம். எதிரணிக்குச் சார்பாகப் பேசினேனாம். மூன்றாவதை இங்கே எழுத முடியாது, வீட்டில் வாசிப்பார்கள். பத்திரிகையில் ‘சுற்றுப்போட்டி சிறப்பாக நடைபெற்றது’ என்று நான்கு வரிகளும், பிரதம விருந்தினர் கிண்ணம் கொடுக்கும் படமும் வந்தன. ஆறு வருடங்களுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில்தான் உண்மை தெரிந்தது. கழகத் தலைவரின் மருமகனுக்கு அன்றைக்கு ஒலிவாங்கியில் பேச ஆசை வந்திருக்கிறது.

அந்த ஆறு வருடங்களில் கடைக்காரர்களோ, நிருபரோ, முகநூல்காரர்களோ ஒருவர்கூட என்னிடம் வந்து என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரியாது என்று சொல்லியிருப்பேன். அதுவும் ஒரு செய்திதான். மூன்று காரணங்களும் பொய் என்று அப்போதே தெரிந்திருக்கும்.

ஆகவே நான் பத்திரிகை, வலைப்பதிவு என்று பிரிப்பதில்லை. எழுதியவர் யாரிடம் கேட்டார், எதைப் பார்த்தார், எதை ஊகித்தார் என்று பிரித்துப் பார்க்கிறேன். நீங்கள் எழுதத்தான் வேண்டும். குரல் மூன்று மாதமாக வரவில்லை என்பது நீங்களே உங்கள் காதால் அறிந்தது, தயங்காமல் எழுதலாம். நிலையத்திடம் எழுத்தில் கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால், எந்தத் திகதியில் கேட்டீர்கள், பதில் வரவில்லை என்பதையும் போடுங்கள். முகநூல் காரணங்களைத் தொடவேண்டாம், மறுப்பதற்காகக்கூட வேண்டாம்.

அதற்கெல்லாம் முன்னர் ஒன்று. அவருடைய தொலைபேசி இலக்கம் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு இவ்வளவு நீளக் கடிதம் எழுதிய நேரத்தில் அவருக்கு ஓர் அழைப்பு எடுத்தீர்களா, தம்பி?