வேலூர் வெயிலும் உப்புநீர்த் தொட்டியும்: முதலில் மூடியைக் கழற்றுங்கள்

கேள்வி: காட்பாடியில் மாடி வீடு. பின்பக்கத்திலேயே ஃபில்டர் அறைகள் உள்ள 60 லிட்டர் உப்புநீர்த் தொட்டி வைத்திருக்கிறேன். இரண்டு க்ளவுன் மீன்கள், கொஞ்சம் பாறை. ஏப்ரலிலேயே தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டுகிறது. சில்லர் (தண்ணீரைக் குளிரவைக்கும் மெஷின்) வாங்கியே ஆக வேண்டுமா? கூடவே வந்த ஸ்பாஞ்சை எடுத்துவிட்டு ஸ்கிம்மர் (குமிழிகளால் அழுக்கைப் பிரித்தெடுக்கும் கருவி) வைக்கலாமா?

பதில்: ஸ்கிம்மருக்கு இப்போது அவசரமில்லை. இரண்டு சின்ன மீன்களுக்கு அளவாகத் தீனி போட்டு, வாரம் 6 லிட்டர் தண்ணீர் மாற்றினால் போதும். உங்கள் மீன்களுக்கு இப்போது ஆபத்து சூட்டினால்தான். தண்ணீர் சூடாக ஆக அதில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைகிறது. மீனுக்கோ அப்போதுதான் ஆக்சிஜன் கூடுதலாகத் தேவைப்படுகிறது. 25 முதல் 27 டிகிரிக்குள் வைத்திருப்பது நல்லது.

சில்லருக்குப் பணம் போடும் முன் மூடியைக் கழற்றிவிட்டு வலை போடுங்கள். க்ளவுன் மீன் துள்ளி வெளியே விழும், வலை கட்டாயம். பிறகு கம்ப்யூட்டருக்குள் இருக்கும் 12 வோல்ட் ஃபேன் ஒன்றை, காற்று தண்ணீர்ப் பரப்பில் சாய்வாக அடிக்கும்படி பொருத்துங்கள். ஆவியாகும் தண்ணீர் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும்; மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே கணக்கில்தான். 60 லிட்டரில் ஒரு டிகிரி குறைய, சுமார் 100 மில்லி ஆவியானால் போதும். சென்னையின் ஈரக்காற்றில் இது அவ்வளவாக எடுபடாது. நம் ஊர் கத்திரி வெயிலின் வறண்ட காற்றில் நன்றாகவே வேலை செய்யும். 27 டிகிரியில் ஃபேன் ஓடி, 26-க்கு வந்ததும் நிற்கும்படி ஒரு தெர்மோஸ்டாட் சேர்த்துவிட்டால் ராத்திரியில் அளவுக்கு மீறிக் குளிராது. ஐஸ் பாட்டிலை மிதக்க விடாதீர்கள்; திடீர் ஏற்ற இறக்கம் மீனுக்கு இன்னும் கெடுதல்.

ஃபேன் வைத்தால் தண்ணீர் வேகமாக வற்றும். தண்ணீர்தான் போகும், உப்பு போகாது. 2 லிட்டர் ஆவியானாலே 35 ஆக இருந்த உப்பளவு (ஆயிரம் பங்கு நீரில் எத்தனை பங்கு உப்பு என்ற கணக்கு) 36-ஐத் தாண்டிவிடும். ஆகவே ஈடு செய்ய ஊற்றுவது நல்ல தண்ணீராக இருக்க வேண்டும், உப்புத் தண்ணீர் கூடாது. இந்த வகைத் தொட்டியில் முன்பக்கம் பார்த்தால் மட்டம் இறங்கியதே தெரியாது. பம்ப் இருக்கும் கடைசி அறையில் மட்டும்தான் இறங்கும். பம்ப் உறுமி, வாயிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கக்கினால் அந்த அறை காலியாகிக்கொண்டிருக்கிறது என்று பொருள். தானாக நீர் நிரப்பும் சென்சாரையும் அதே அறையில்தான் வைக்க வேண்டும். அதற்கான தண்ணீரை 5 லிட்டர் கேனுக்கு மேல் வைக்காதீர்கள். சென்சார் மக்கர் செய்து முழுக் கேனும் இறங்கினாலும் உப்பளவு 32-ஐ ஒட்டியே நிற்கும். குழாயின் நுனி தண்ணீரில் முங்கக் கூடாது, முங்கினால் பின்னோக்கி இழுக்கும்.

போர் தண்ணீர் வேண்டவே வேண்டாம். நம் பக்கத்து நிலத்தடி நீரில் உப்பும் சுண்ணாம்பும் அதிகம். பாலாற்றுப் படுகையில் தோல் தொழிற்சாலைக் கழிவு பாழாக்கிய இடங்களும் உண்டு. வீட்டு ஆர்.ஓ. மெஷின் தண்ணீரும் கேன் தண்ணீரும்கூடப் பெரும்பாலும் ருசிக்காகத் தாது சேர்த்தே வரும். ஆர்.ஓ.வுக்குப் பிறகு மிச்சமிருக்கும் தாதுக்களையும் பிடித்துவிடும் ஒரு டி.ஐ. ரெசின் குழாய் மாட்டி, டி.டி.எஸ். மீட்டரில் (நீரில் கரைந்த பொருள்களை அளக்கும் கருவி) 0 காட்டும் நீரையே ஊற்றுங்கள். உப்பு கலக்கவும் அதே நீர்தான்.

ஸ்பாஞ்ச் விஷயத்தில் நீங்கள் நினைத்தது சரிதான். அழுக்கு அதிலேயே தங்கி அழுகினால் நைட்ரேட் ஏறும். அதற்குப் பதில் ஃபில்டருக்கென்றே விற்கும் வெள்ளைப் பஞ்சு வைத்து, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை தூக்கிப் போட்டுவிடுங்கள். ஃபில்டர் அறையில் உள்ள செராமிக் வளையங்களை மட்டும் அதே வாரத்தில் தொடாதீர்கள், நல்ல பாக்டீரியா குடியிருப்பது பாறையிலும் அவற்றிலும்தான்.

கரண்ட் போனால் ஃபேனும் பம்பும் சேர்ந்தே நிற்கும். இன்வர்ட்டர் லைனில் பம்பைக் கொடுங்கள்; அதற்கு வழியில்லை என்றால் பேட்டரி ஏர் பம்ப் ஒன்று கைவசம் இருக்கட்டும். ஒயர்கள் ப்ளக்குக்குக் கீழே தொங்கி மேலேறும்படி விடுங்கள், சொட்டும் உப்புநீர் ப்ளக்குக்குள் போகாது. ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் கரண்டைத் தானாகத் துண்டிக்கும் ஸ்விட்ச்) இல்லாத வீடு என்றால் ஃபேனுக்கும் முன்னால் எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அதைப் போட்டுவிடுங்கள்.